எந்த விமான நிறுவனம் பாதுகாப்பானது? வகுப்பறைக்கு ஒரு புள்ளியியல் பாடம்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததில், அதில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். அதற்குப் பிந்தைய நாள்களில் எங்கள் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், எந்தக் கம்பெனி பிளைட்ல போனா பயமில்ல?" அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு இது பொது அறிவுக் கேள்வி அல்ல, வீட்டுக் கவலை.

இணையத்தில் தேடினால் விடை உடனே கிடைத்துவிடும். 'உலகின் மிகப் பாதுகாப்பான விமான நிறுவனங்கள்' என்று ஆண்டுதோறும் தரவரிசைகள் வெளிவருகின்றன. ஆனால் ஒரு கணித ஆசிரியராக, அந்தப் பட்டியலைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுவதைவிட, அப்படியொரு பட்டியலை எப்படித் தயாரிப்பார்கள், அதை எவ்வளவு நம்பலாம் என்று யோசிக்க வைப்பதே சரி என்று எனக்குத் தோன்றியது. பத்தாம் வகுப்பின் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்துக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வகுப்பில் நாங்கள் படிப்படியாகப் பேசியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எதை எண்ணுவது?

முதல் கேள்வி இது. விபத்துகளை எண்ணுவதா, இறந்தவர்களை எண்ணுவதா?

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி, ஒருவர் இறந்தால்தான் விபத்து என்பதில்லை. காற்றுக் கொந்தளிப்பில் விமானம் குலுங்கி ஒரு பயணிக்குப் பலத்த காயம் ஏற்பட்டாலும் அது விபத்துக் கணக்கில் சேரும். ஆகவே 'இத்தனை விபத்துகள்' என்ற எண்ணை மட்டும் பார்த்தால், கால் எலும்பு முறிந்த நிகழ்வும் நூற்றுக்கணக்கானோர் இறந்த நிகழ்வும் ஒன்றாகிவிடும்.

இறந்தவர்களை மட்டும் எண்ணினாலும் சிக்கல் தீராது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்து 329 பேர் இறந்தனர். காரணம் பெட்டியில் வைக்கப்பட்ட வெடிகுண்டு. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனின் மேல் பறந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். இவற்றை அந்த நிறுவனங்களின் பாதுகாப்புக் குறைவாகக் கொள்வதா, வேண்டாமா? சேர்த்தால் ஒரு தரவரிசை. விட்டால் வேறொரு தரவரிசை. எண்கள் பேசத் தொடங்கும் முன்பே மனிதர் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது என்பதை மாணவர்கள் இங்கேயே கண்டுகொள்கிறார்கள்.

எதால் வகுப்பது?

விகிதம் என்றால் தொகுதி மட்டும் போதாது, பகுதியும் வேண்டும். விபத்துகளைப் பறந்த கிலோமீட்டரால் வகுக்கலாமா, பறந்த மணி நேரத்தால் வகுக்கலாமா, பறப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கலாமா? ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதை ஒரு பறப்பு என்று வைத்துக்கொள்வோம்.

விமானத்துக்கு ஆபத்தான நேரம் நடுவானில் நிதானமாகப் பறக்கும் நேரம் அன்று, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பயண நேரத்தில் மிகச் சிறிய பகுதியே இவற்றுக்கு ஆகிறது. ஆனால் உயிரிழப்பு விபத்துகளில் பெரும்பகுதி அந்தச் சில நிமிடங்களில்தான் நிகழ்கிறது. 2010இல் மங்களூருவிலும் 2020இல் கோழிக்கோட்டிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்கள் விபத்துக்குள்ளானது தரையிறங்கும்போதுதான். இரண்டும் மேட்டின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதைகள். விமானம் ஓடுபாதையைத் தாண்டினால் பள்ளம்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானமும் லண்டனுக்குப் போகும் விமானமும் ஒருமுறைதான் ஏறுகின்றன, ஒருமுறைதான் இறங்குகின்றன. தொலைவோ சுமார் 20 மடங்கு வேறுபடுகிறது. கிலோமீட்டரால் வகுத்தால் நெடுந்தொலைவு பறக்கும் நிறுவனம் தானாகவே பாதுகாப்பானதாகத் தோன்றும். சிறிய ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனம் தானாகவே ஆபத்தானதாகத் தோன்றும். எனவேதான் இத்துறை வல்லுநர்கள் பெரும்பாலும் பறப்பு எண்ணிக்கையால் வகுக்கிறார்கள்.

கன்கார்டு விமானத்தின் கதை

பகுதி சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்டு நல்ல எடுத்துக்காட்டு. 1976 ஜனவரியில் பயணிகள் சேவையைத் தொடங்கிய அந்த விமானத்தில் 24 ஆண்டுகளுக்கு மேல் ஒரு பயணி கூட விபத்தில் இறக்கவில்லை. விபத்து விகிதம் பூஜ்ஜியம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் விமான நிலையத்தில், முன்னர் சென்ற வேறொரு விமானத்திலிருந்து விழுந்துகிடந்த உலோகப் பட்டையின் மேல் கன்கார்டின் சக்கரம் ஏறியது. டயர் வெடித்து, அதன் துண்டு எரிபொருள் தொட்டியின் பகுதியைத் தாக்க, விமானம் தீப்பற்றி விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தனர்.

நிறுவனங்களின் சேவையில் இருந்த கன்கார்டு விமானங்கள் மொத்தமே 14. அவை அதுவரை பறந்த பறப்புகள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆகவே அந்த ஒரே விபத்தால் அதன் விகிதம் 10 லட்சம் பறப்புகளுக்கு 10க்கும் மேல் என்றாகியது. பட்டியலின் முதலிடத்தில் இருந்த விமானம் ஒரே பிற்பகலில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. போயிங் 737 விமானங்களின் விபத்துகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். ஆனாலும் அது கோடிக்கணக்கான முறை பறந்த விமானம் என்பதால் அதன் விகிதம் கன்கார்டைவிட மிகக் குறைவு.

ஜூலை 24 அன்று கன்கார்டு மிகப் பாதுகாப்பானதாக இருந்து, ஜூலை 25 அன்று மிக ஆபத்தானதாக மாறிவிட்டதா? இல்லை. இரண்டு நாளிலும் அதே விமானம்தான். பூஜ்ஜியமும் நம்பத்தக்கதாக இல்லை. அதற்குப் பின் வந்த எண்ணும் முழுதாக நம்பத்தக்கதாக இல்லை. தரவு குறைவு என்பதே உண்மை.

பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு மதிப்பு?

புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஓர் எளிய விதி உண்டு. ஒரு செயலை பல முறை செய்தும் விபத்து ஒன்றுகூட நிகழவில்லை என்றால், உண்மையான விபத்து விகிதம் பூஜ்ஜியம் என்று கொள்ளக்கூடாது. 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது வரைக்கும் அது இருக்கலாம் என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். 30 முறை செய்து ஒரு தவறும் இல்லையா? உண்மை விகிதம் 3/30, அதாவது பத்தில் ஒன்று வரை கூட இருக்கலாம். மாணவர்களைச் சரிபார்க்கச் சொல்லலாம்: பத்தில் ஒன்று ஆபத்துள்ள செயல் 30 முறையும் தப்பிக்க நிகழ்தகவு 0.9 என்பதை 30 முறை பெருக்கினால் வருவது. விடை ஏறத்தாழ 0.04. அரிதுதான்; ஆனால் நடக்காதது அன்று.

இதை விமானத்துக்குப் பொருத்துவோம். நாளுக்கு 100 பறப்புகள் இயக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பத்து ஆண்டில் 3,65,000 பறப்புகள், உயிரிழப்பு இல்லை. மூன்றின் விதிப்படி அதன் உண்மை விகிதம் சுமார் 1,20,000 பறப்புகளுக்கு ஒன்று வரை இருக்கலாம். ஆனால் இன்று உலக அளவில் பெரிய விமானங்களின் உயிரிழப்பு விபத்து 10 லட்சம் பறப்புகளுக்கு ஒன்று என்பதைவிடவும் அரிது. ஆகவே பத்து ஆண்டுப் பூஜ்ஜியம், அந்த நிறுவனம் சராசரியைவிட நல்லது என்று கூட நிறுவவில்லை.

தென் கொரியாவின் ஜேஜு ஏர் 2006இல் பறக்கத் தொடங்கியது. 2024 டிசம்பர் 28 வரை அதன் கணக்கிலும் பூஜ்ஜியம்தான். மறுநாள் முவான் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் 181 பேரில் 179 பேர் இறந்தனர். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தின் ஜெட் விமானம் எதிலும் இதுவரை விபத்தால் உயிரிழப்பு இல்லை என்பது அடிக்கடி சொல்லப்படுகிறது. அது உண்மை, பெருமைக்குரியதும் கூட. ஆனால் 'ஜெட்' என்ற சொல் அங்கே முக்கியம். அதற்கு முந்தைய சுழல்விசிறி விமானக் காலத்தில், 1951 வரை, அந்நிறுவனத்திலும் உயிரிழப்பு விபத்துகள் நிகழ்ந்துள்ளன. கணக்கை எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதும் விடையை மாற்றும்.

புளியங்கொட்டைச் சோதனை

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. ஒரு பையில் 50 புளியங்கொட்டைகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நகச்சாயம் பூசியிருக்க வேண்டும். இப்படி ஐந்தாறு பைகள் இருந்தால் ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு விமான நிறுவனம். தங்கள் நிறுவனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னால் வகுப்பு களைகட்டிவிடும். பார்க்காமல் ஒரு கொட்டையை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையில் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 30 முறை. சிவப்பு வந்தால் விபத்து.

30 மாணவர் செய்தால் ஏறத்தாழ 16 பேருக்கு ஒருமுறைகூடச் சிவப்பு வராது. சுமார் 10 பேருக்கு ஒருமுறை வரும். மூன்று நான்கு பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் வரும். கரும்பலகையில் தரவரிசை எழுதிவிட்டுக் கேளுங்கள்: "கடைசி இடத்தில் இருக்கும் நிறுவனத்தில் யார் பயணம் செய்வீர்கள்?" ஒரு கையும் உயராது. அடுத்து, "எல்லாப் பைகளிலும் ஒரே அளவு சிவப்புதானே இருந்தது?" என்று கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாகும். அந்த அமைதிதான் இந்தப் பாடம்.

முதல் சுற்றில் பூஜ்ஜியம் பெற்றவர்களை மட்டும் மீண்டும் 30 முறை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இம்முறை சிவப்பு எடுப்பார்கள். நேற்று அவர்களைக் காத்தது திறமை அல்ல, தற்செயல். எல்லா நிறுவனங்களும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருள் இல்லை. எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு தரவரிசை உருவாகிவிடும் என்பதே பொருள். எனவே தரவரிசையில் இருக்கும் வேறுபாடு, தற்செயலால் வரக்கூடிய வேறுபாட்டைவிடப் பெரியதா என்று பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்று, நிறுவனம் வேறு

விபத்துக் கணக்கு நேற்றைய நிறுவனத்தைப் பற்றியது. பயணச்சீட்டு வாங்குவது இன்றைய நிறுவனத்தில். கொரியன் ஏர் நிறுவனத்தின் விமானம் 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் தரையிறங்கும்போது மலைச்சரிவில் மோதி, 254 பேரில் 228 பேர் இறந்தனர். 1999இல் ஷாங்காயிலும் லண்டன் அருகிலும் அதன் சரக்கு விமானங்கள் இரண்டு விழுந்தன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் அதனுடனான கூட்டுச் சேவையை நிறுத்திவைத்தது.

அதன் பிறகு கொரியன் ஏர் தன் பயிற்சி முறையையே மாற்றியது. விமானி அறையில் மூத்தவரின் தவறை இளையவர் சுட்டிக்காட்டத் தயங்கும் பழக்கம் ஒரு குறையாக அடையாளம் காணப்பட்டது. வெளிநாட்டு வல்லுநர்கள் அழைக்கப்பட்டனர். ஆங்கிலப் பயிற்சி கட்டாயமானது. 1999க்குப் பின் அந்நிறுவனத்தின் விமான விபத்தில் பயணி எவரும் இறந்ததில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் வந்த எந்தப் பட்டியலும் இதை முன்கூட்டியே காட்டியிருக்க முடியாது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 1985 ஆகஸ்ட் 12 அன்று ஒரே விமானத்தில் 520 உயிர்களை இழந்தது. ஒற்றை விமான விபத்துகளில் இன்றுவரை அதுவே மிகப் பெரியது. 2006இல் அந்நிறுவனம் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையப் பகுதியில் ஒரு பாதுகாப்பு மையத்தைத் திறந்து, அந்த விமானத்தின் சிதைந்த பாகங்களைத் தன் ஊழியர்களின் பயிற்சிக்காகக் காட்சிக்கு வைத்தது. 2024 ஜனவரி 2 அன்று அதே ஹனேடாவில் அதன் விமானம் கடலோரக் காவல்படை விமானத்துடன் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். ஆனால் எரியும் பயணிகள் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். 1985ஐ மறைத்துவைக்காத நிறுவனம் அது என்பதையும் சேர்த்தே நாம் மதிப்பிட வேண்டும்.

ஒப்பிடவே முடியாதா?

முடியும், நிறுவனங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குவதைவிடப் பெரிய அளவில் ஒப்பிடும்போது எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வருபவர். உலக அளவில் 1968-77 காலத்தில் சுமார் 3.5 லட்சம் முறை பயணிகள் விமானம் ஏறினால் ஒருவர் இறந்தார் என்றும், 2018-22 காலத்தில் 1.37 கோடி முறை ஏறினால் ஒருவர் இறந்தார் என்றும் அவரது ஆய்வு காட்டுகிறது. சுமார் 39 மடங்கு முன்னேற்றம். அவர் நாடுகளை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறார். இந்தியா இரண்டாம் தொகுதியில் உள்ளது. முதல் தொகுதியைவிட மூன்றாம் தொகுதியின் ஆபத்து பல மடங்கு. அதாவது, வேறுபாடு நிறுவனத்தின் பெயர்ப்பலகையைவிட நாட்டின் கண்காணிப்பு முறையில் தெளிவாகத் தெரிகிறது.

அதனால்தான் கண்காணிப்பையே சோதிக்கும் ஏற்பாடுகள் உள்ளன. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு நாட்டின் மேற்பார்வை முறையையும் தணிக்கை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தன் வான்வெளியில் தடைசெய்யப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தும் 2007இல் அதில் சேர்க்கப்பட்டு, படிப்படியாக விடுவிக்கப்பட்டு, 2018இல் முழுமையாக நீக்கப்பட்டன. நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அப்போது எந்த இந்திய விமானமும் விழவில்லை. கண்காணிக்கும் அமைப்பில் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதவில்லை என்பதே குறை. ஆள்கள் நியமிக்கப்பட்டுக் குறைகள் சரிசெய்யப்பட்ட பின் 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது. நிறுவன அளவில், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 2003 முதல் நடத்தும் பாதுகாப்புத் தணிக்கையில் ஒரு நிறுவனம் தேறியுள்ளதா என்று பார்க்கலாம்.

சொல்லப்படாத தவறு

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. விபத்துகள் அரிது என்பதால், விபத்தில் முடியாத சிறு தவறுகளை எண்ணி ஒப்பிடலாமே என்று ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் சிறு தவறுகள் தாமாக எண்ணிக்கையில் வருவதில்லை; யாராவது சொன்னால்தான் வரும்.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ நிறுவன விமானம், தாழப் பறக்கும் உயரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவன விமானி அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தார். தம் நிறுவனத்திடம் அதைத் தெரிவித்தும் இருந்தார். ஆனால் அச்செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. இதன் விளைவாக 1976இல், விமானிகள் தங்கள் தவறுகளை நாசாவிடம் அந்தரங்கமாகத் தெரிவிக்கும் முறை உருவானது.

ஆகவே அதிகத் தவறுகளைப் பதிவுசெய்யும் நிறுவனம் அதிக ஆபத்தானது என்று முடிவுகட்ட முடியாது. தவறைச் சொன்னவரைத் தண்டிக்காத நிறுவனத்தில் பதிவேடு நிறைந்திருக்கும். சொன்னவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில் பதிவேடு வெறுமையாகவும் ஆபத்து நிறைந்தும் இருக்கும்.

நம் பள்ளிகளுக்கும் இதே கணக்கு

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் பள்ளிகளும் இப்படி ஒரு பட்டியலில் நிற்கின்றன. ஒரு பள்ளியில் 12 பேர் தேர்வு எழுதுகிறார்கள். இன்னொன்றில் 240 பேர். இரண்டிலும் ஒவ்வொரு பிள்ளையும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தல் தரம் சமம். சிறிய பள்ளி 100 விழுக்காடு பெறும் நிகழ்தகவு 0.54, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் பாராட்டு. பெரிய பள்ளிக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒன்று; அங்கே எவ்வளவு உழைத்தாலும் 100 வராது. பாராட்டு கிடைக்காத ஆண்டில் அதே சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலும் தேர்ச்சி 91.67க்கு இறங்கிவிடும்; விளக்கம் கேட்கப்படும். தலைமையாசிரியரும் மாறவில்லை, ஆசிரியர்களும் மாறவில்லை. மாறியது கன்கார்டுக்கு மாறியதைப் போன்றதே.

இதற்கு மருந்தும் அதேதான். ஓர் ஆண்டு எண்ணை விட்டு ஐந்தாண்டு எண்களைச் சேர்த்துப் பார்ப்பது. அளவில் ஒத்த பள்ளிகளை ஒப்பிடுவது. எண்ணுக்குப் பின்னால் உள்ள நடைமுறையைப் பார்ப்பது. "எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை" என்று ஒரு பிள்ளை வகுப்பில் பயமின்றிச் சொல்கிறதா என்பதும் அந்த நடைமுறைகளில் ஒன்று.

மாணவர்களிடம் விவாதிக்க

1. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் இறந்தனர். விமான விபத்து நம்மை அதிகம் அச்சுறுத்துவது ஏன்?

2. ஒரு நிறுவனம் 40 லட்சம் பறப்புகளில் 2 உயிரிழப்பு விபத்துகளையும், இன்னொன்று 2 லட்சம் பறப்புகளில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், மூன்றின் விதியைக் கொண்டு என்ன சொல்ல முடியும்? என்ன சொல்ல முடியாது?

3. உங்கள் வீட்டில் ஒருவர் வெளிநாடு செல்ல இரண்டு நிறுவனங்களின் சீட்டுகள் கிடைக்கின்றன. இரண்டும் தணிக்கையில் தேறியவை. எதைக் கொண்டு தேர்வு செய்வீர்கள்? இருக்கையில் அமர்ந்தபின் அவர் தம் பாதுகாப்புக்குத் தாமே செய்யக்கூடியவை எவை? (இடைவார் அணிவது, அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்வது, வெளியேறச் சொன்னால் பையை எடுக்காமல் வெளியேறுவது.)

4. நாளிதழில் வந்த ஏதேனும் ஒரு தரவரிசையைக் கொண்டுவாருங்கள். எதை எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள், எந்த ஆண்டிலிருந்து தொடங்கினார்கள் என்று கண்டறிந்து எழுதுங்கள்.